வளையல் ஏறாத கை

என்னைக் கட்டிலோடு கட்டிப்போட்டிருந்தார்கள். இரண்டு மணிக்கட்டிலும் கட்டுத்துணி. வாய்க்குள் துணி சுற்றிய ஒரு மரக்கட்டை. நாக்கின் ஓரம் கிழிந்து, விழுங்கும் எச்சிலெல்லாம் ரத்தமாக இருந்தது. நினைவு திரும்பியதும் என் காதில் முதலில் விழுந்தது என் குழந்தையின் அழுகை இல்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண்ணின் தொடையில் பளீரென்று விழுந்த அறை. அதற்குப் பிறகு "அம்மா" என்று ஒரு தமிழ்க் குரல்.

எங்கள் கரோல் பாக் மாதர் கூட்டத்தில், "கௌசல்யா, நீ ஆஸ்பத்திரியில் கிடந்ததை எழுதேன், ஆனால் பயமுறுத்தாமல் எழுது" என்றார்கள். பயமுறுத்தாமல் எழுத வேறு ஆள் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டிருந்ததால்தான் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

எழுபதுகளின் கடைசி அது. கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து தில்லிக்கு வந்திருந்தேன். கரோல் பாக்கில் ஒரு பஞ்சாபிக்காரர் வீட்டு மூன்றாம் மாடியில் பர்சாத்தி, அதாவது மொட்டை மாடியில் ஒற்றை அறையும் தகரம் போட்ட அடுப்படியும். என் கணவர் ராமநாதன் சொந்த அத்தை மகன்தான், மத்திய சர்க்கார் குமாஸ்தா. நான் அவரை அத்தான் என்பேன், எங்களோடு இருந்த மாமியாரை அத்தை என்பேன். அத்தைக்கு வாய் நீளம். எனக்கும் ஒன்றும் குறைச்சல் இல்லை.

தில்லித் தமிழ்க் குடும்பங்களில் அப்போது ஒரு நடைமுறை. பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனதும் முதல் வேலையாக ரயில் டிக்கெட்டுக்குச் சொல்லிவைப்பார்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில். அதில் மறுபேச்சே கிடையாது. நாலாம் மாதம் டிஸ்பென்சரி டாக்டரம்மா, "எந்த ஆஸ்பத்திரியில் பேர் பதிவு செய்திருக்கிறாய்?" என்று கேட்டார். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஊருக்குப் போறவளுக்கு இங்க என்னத்துக்குப் பேரு? அங்க என் தம்பி வீட்டுல எல்லாம் தயாரா வச்சிருக்கான்" என்றாள்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஏழாம் மாதம் போக வேண்டியவள். அத்தானுக்கு லீவு கிடைக்காமல் தள்ளித் தள்ளி ஒன்பதாம் மாதமாகிவிட்டது. ஜி.டி. எக்ஸ்பிரஸில் எனக்குக் கீழ் பெர்த் இருந்தது. தில்லியில் எந்த ஆஸ்பத்திரியிலும் என் பேர் இல்லை.

புறப்படுவதற்கு முன் வளைகாப்பு வைத்தார்கள். தை மாதக் குளிரில் மொட்டை மாடி வெயிலில் ஜமக்காளம் விரித்து உட்கார வைத்தார்கள். என் கை வீங்கியிருந்தது. முகமும்தான். "பூரிப்பு" என்றார்கள் வந்தவர்கள். கண்ணாடி வளையல் விரல் முட்டியைத் தாண்டவில்லை. உடனே ஒரு கிண்ணத்தில் சோப்பு நுரை வந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து, நுரையைப் பூசி, கிண்டலும் பாட்டுமாக வளையலை அழுத்தி ஏற்றினார்கள். ஒன்று உடைந்து மணிக்கட்டைக் கிழித்தது. திருஷ்டி கழிந்தது என்று யாரோ சொன்னார்கள். எனக்கு நெற்றிக்குப் பின்னால் யாரோ அம்மி கொத்துவதுபோல வலி. எதிரே நின்ற அத்தானுக்கு இரண்டு முகம் தெரிந்தது. இரண்டுமே அசடு வழிந்தன.

மறுநாள் காலை, பெட்டியில் புடவை அடுக்கிக்கொண்டிருந்தேன். அதோடு எனக்கு நினைவு இல்லை. மற்றவர்கள் சொன்னதைத்தான் சொல்கிறேன். என் கண் மேலே செருகியது. இடது கன்னம் இழுத்தது. பிறகு உடம்பு முழுவதும் வெட்டி இழுக்க ஆரம்பித்தது. தலை டிரங்குப் பெட்டியின் விளிம்பில் திரும்பத் திரும்ப மோதியது. நேற்று ஏற்றிய வளையல்கள் தரையில் அடித்து நொறுங்கி, சில்லுகள் மணிக்கட்டில் ஏறின. அத்தான் என்மேல் விழுந்து அமுக்கப் பார்த்தார். என் முழங்கை அவர் மூக்கில் பட்டு ரத்தம் கொட்டியது. அத்தை சாவிக்கொத்தை என் கையில் திணித்துப் பார்த்தாள். அதையும் விசிறி எறிந்தேனாம்.

வீட்டுக்காரப் பஞ்சாபி அம்மாள் மேலே வந்து பார்த்துவிட்டு, "பைத்தியங்களா, கட்டிலோடு தூக்குங்கள்!" என்று இந்தியில் ஒரு அதட்டுப் போட்டார். கயிற்றுக் கட்டிலில் கிடத்தி, செங்குத்துப் படியில் சுவரில் இடித்து இடித்து இறக்கினார்கள். தெருமுனையில் பட்பட்டி நின்றது. அந்த நாளில் கரோல் பாக்கில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிள் வண்டி அது. வழியில் இரண்டாவது வலிப்பு வந்து என் கால் ஓட்டுகிறவரின் தலைப்பாகையைத் தட்டிவிட்டது. வயதான சர்தார்ஜி. அவருக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்று தில்லியில் இருப்பவர்களுக்குத் தெரியும். அவர் அவிழ்ந்ததை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், வெறுந்தலையோடு ஓட்டினார். அவர் பேரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் மகளுக்கு வைத்திருப்பேன்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலுக்கு நின்ற சௌகிதார் தடியைக் குறுக்கே வைத்தான். "கார்டு?"

கார்டு இல்லை. பதிவு இல்லாத கேஸ் இங்கே எடுப்பதில்லை, வேறு இடம் பாருங்கள் என்றான். செக்ஷன் ஆபீசரிடம் குரலை உயர்த்தி ஒருநாளும் பேசியறியாத என் அத்தான் அவன் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கினார். தடி அத்தானின் தோளில் விழுந்தது. இரண்டாவது அடி விழுவதற்குள் அத்தை செருப்பைக் கழற்றிவிட்டாள்.

"எம்மவனையா அடிக்கே? ஏலே, எம்மருமவ சாவுதா, நீ கார்டா கேக்கே!"

அவளுக்கு இந்தியில் அப்போது தக்காளி விலை கேட்க மட்டும்தான் தெரியும். ஆனால் செருப்புக்கு மொழி வேண்டுமா? சண்டை நடுவில் எனக்கு மூன்றாவது வலிப்பு. உள்ளே போய்க்கொண்டிருந்த ஓர் இளம் டாக்டரம்மா என் வாயில் ரத்த நுரையைப் பார்த்துவிட்டுக் கத்தினார். அதற்குப் பிறகுதான் தடி விலகியது.

நோய் என்ன என்று எனக்கு விளங்கியது பிற்பாடுதான். விளங்கியதைச் சொல்கிறேன். கர்ப்பத்தில் சிலருக்கு ரத்த அழுத்தம் கண்டபடி ஏறும். உடம்பில் நீர் கோக்கும். சிறுநீரில் புரதம் போகும். என் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காட்டினார்கள், அது திரிந்த பாலாகக் கட்டி தட்டியது என்று அத்தை பார்த்துவிட்டுச் சொன்னாள். இது முற்றினால் மூளையைத் தாக்கி வலிப்பு வரும். எக்லாம்சியா என்று பெயர். ஊரில் பேறுகால ஜன்னி என்பார்கள், பேய் பிடித்தது என்றும் சொல்வார்கள். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. கையில் பட்டையைச் சுற்றி, பம்பை அமுக்கி, பிரஷர் பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். குழந்தையை வெளியே எடுப்பதுதான் இதற்கு முக்கிய வைத்தியம்.

ஆயுதம், அதாவது இடுக்கி போட்டுத் தலையைப் பிடித்து எடுத்தார்கள். எனக்கு அது துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. இடுப்பில் ஆழமாக இறங்கிய ஊசி தீயாக எரிந்தது. ஒரு ஆயா என் வயிற்றில் முன்கையை வைத்துத் தன் முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தினாள். டாக்டரம்மா கட்டிலின் இரும்புக் காலில் தன் காலை உதைத்துக்கொண்டு இழுத்தார். நான் அலறினேன். ஆயா என் தொடையில் ஒன்று வைத்தாள். "அன்னைக்கு இனிச்சுதுல்ல? இப்ப ஏன் கத்துறே?" என்று இந்தியில் கேட்டாள். அங்கே எல்லாப் பெண்களுக்கும் அதே கேள்வி, அதே அறை. பிறகு இரண்டு நெற்றிப்பொட்டிலும் சிவந்த தடத்தோடு, நீலம் பாரித்து, சத்தமே இல்லாமல் ஒரு பெண் குழந்தை. அதையும் தலைகீழாகப் பிடித்து அடித்தார்கள். அது அழுததா என்று கேட்பதற்குள் எனக்கு இன்னொரு வலிப்பு. அதனால்தான் கட்டிப்போட்டார்கள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் அறை வாங்கிய பெண்ணை வார்டில்தான் பார்த்தேன். அவளை என் கட்டிலிலேயே போட்டார்கள். அப்போது ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர், அவள் தலை என் கால் பக்கம், என் தலை அவள் கால் பக்கம். பெயர் பூங்காவனம். விழுப்புரத்துப் பக்கம். புருஷன் ஆறுமுகத்தோடு தில்லிக்கு வந்து கட்டட வேலையில் செங்கல் சுமக்கிறவள். ஜுக்கியில், அதாவது சாக்குப் போட்ட குடிசையில் இருந்தாள். இரண்டு நாள் வலியோடு கிடந்து, குழந்தை குறுக்கே மாட்டிக்கொண்ட பிறகு வந்திருக்கிறாள். கார்டு இல்லை. வாசலில் சௌகிதாரின் தடி ஆறுமுகத்தின் நெற்றியைப் பிளந்துவிட்டது. அவன் ரத்தம் ஒழுக வாசலில் விழுந்து கிடந்ததைப் பார்த்துத்தான் இவளை உள்ளே விட்டார்களாம். குழந்தை வயிற்றுக்குள்ளேயே போய்விட்டிருந்தது.

"அவங்க என்னா சொன்னாங்கன்னே தெரியலக்கா" என்றாள். அழக்கூட இல்லை. "முக்கச் சொன்னாங்களா, மூச்சப் புடிக்கச் சொன்னாங்களா, ஒண்ணும் தெரியல. ஒவ்வொண்ணுக்கும் ஒரு அடி. செத்த புள்ளயப் பெக்கறதுக்கு எதுக்குக்கா அடிக்கறாங்க?"

அதற்குள் அவிழ்த்துவிட்டிருந்த ஒரு கையால் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். கைக்கு எட்டியது அதுதான்.

எனக்குள்ளே பயம் விடவில்லை. கண் இன்னும் மங்கலாகவே இருந்தது. மறுபடி வலிப்பு வரும் என்று ஒவ்வொரு நிமிஷமும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். மகள் தனி வார்டில் பிழைத்திருக்கிறாள் என்றார்கள், ஆனால் காட்டவில்லை. பார்வை நேரத்தில் அத்தான் வந்து நின்றார். வீங்கிய மூக்கு, கறுத்த தோள். "பாப்பா மூக்கு உன்னை மாதிரி, கௌசி" என்றார். நான், "இப்போ இருக்கிற உங்கள் மூக்கு மாதிரி இல்லாதவரைக்கும் சரி" என்றேன். அவர் சிரித்தார், உடனே அழுதுவிட்டார். இந்த மனிதரைக் கோழை என்று நான் நினைத்ததெல்லாம் அந்த வாசலில் அடிபட்டுப் போயிற்று.

அடுத்த நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம். காலையில்தான் என் மற்றொரு கையையும் அவிழ்த்துவிட்டிருந்தார்கள். என் முதுகில் வெதுவெதுப்பாக ஏதோ பரவியது. எனக்குத்தான் போகிறது என்று நினைத்துத் தடவிப் பார்த்தேன். கை முழங்கை வரை சிவப்பு. எனக்கு இல்லை. எழுந்து பார்த்தால் பூங்காவனம் வெளுத்துக் கிடந்தாள். உதடு சுண்ணாம்பாக இருந்தது. மெத்தையில் பள்ளம் விழுந்த இடத்தில் ரத்தம் குளமாக நின்று, கட்டில் ஓரமாகத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"பூங்காவனம்! ஏட்டி, கண்ணத் தொற!"

"குளுருதுக்கா" என்றாள். அவ்வளவுதான்.

பிரசவத்துக்குப் பிறகு கருப்பை சுருங்கி இறுக வேண்டும். சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தால் வாய் மூடிக்கொள்வதுபோல, அது இறுகினால்தான் உள்ளே திறந்திருக்கும் ரத்தக்குழாய்கள் மூடும். உள்ளே நஞ்சுக்கொடியின் துண்டு ஒன்று தங்கிவிட்டால் அது இறுகாது. ரத்தம் திறந்த குழாய்போல ஓடும். ஒரு பெண் செத்துப்போக அரை மணி நேரம் போதும். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் இவ்வளவு ரத்தம் போனால் ஆள் இருக்க மாட்டாள் என்று தெரிய டாக்டருக்குப் படிக்க வேண்டாம்.

வாசலோரம் வெயிலில் அந்த ஆயா ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள்.

"கூன்! கூன் ஜா ரஹா ஹை!" என்று கத்தினேன். ரத்தம் போகிறது.

"பிள்ளை பெத்தா ரத்தம் போகாம பாலா போகும்? சுப்! வாய மூடு!" என்றாள் இந்தியில். ஊசி நகர்ந்துகொண்டே இருந்தது.

"டாக்டரைக் கூப்பிடு!"

"டாக்டர் சாப்பிடுறாங்க."

மறுபடி கத்தினேன். அவள் எழுந்து வந்து, கட்டிலைப் பார்க்காமல், என் வாயைப் பொத்தினாள். நான் கடித்தேன். அவள் உள்ளங்கையில் என் பல் இறங்கியது. மரக்கட்டையைக் கடித்துக் கடித்து என் தாடை நன்றாகப் பழகியிருந்தது. அவள் மறு கையால் என் கன்னத்தில் அறைந்தாள். காது அடைத்தது. அப்போது நான் என் கையில் ஏறிக்கொண்டிருந்த சலைன் ஊசியைப் பிடுங்கி எறிந்தேன். ரத்தம் பீச்சியது. அந்த நாளில் சலைன் கண்ணாடி பாட்டிலில் வரும். அதைத் தாங்கியிலிருந்து கழற்றி, உடம்பில் எங்கிருந்து வந்ததோ அந்தப் பலத்தையெல்லாம் சேர்த்து, எதிர் ஜன்னலில் எறிந்தேன்.

முழுக் கண்ணாடியும் இடிந்து விழுந்தது.

ஒரே ஓட்டமாக ஓடிவந்தார்கள். நர்ஸ், வார்டு சூப்பர்வைசர், தடியோடு சௌகிதார், கடைசியில் கையில் சப்பாத்தித் துணுக்கோடு அந்த இளம் டாக்டரம்மா. ஆள் சாகிறாள் என்றபோது யாரும் வரவில்லை. கண்ணாடி உடைந்தது என்றதும் அத்தனை பேரும் வந்தார்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் என் கை துடிக்கிறது.

டாக்டரம்மா மட்டும் ஜன்னலைப் பார்க்கவில்லை, கட்டிலைப் பார்த்தார். சப்பாத்தியைக் கீழே போட்டார். அதே கட்டிலில், என் கண்ணெதிரில், ஒரு கையை முஷ்டியாக உள்ளே செலுத்தி, மறு கையால் வயிற்றின் மேலிருந்து அழுத்தி, கருப்பையை இரண்டுக்கும் நடுவில் நசுக்கிப் பிடித்தார். பூங்காவனம் போட்ட சத்தம் மனுஷச் சத்தமாக இல்லை. அந்தச் சத்தம் வந்ததில் எனக்கு நிம்மதிதான், கத்துகிறாள் என்றால் உயிர் இருக்கிறது. அப்படியே பிடித்தபடி அவரும் தள்ளுவண்டியோடு ஓடினார்.

ரத்தம் வேண்டும் என்றார்கள். உறவுக்காரர்கள் கொடுத்தால்தான் ரத்த வங்கியிலிருந்து பாட்டில் வெளியே வரும். ஆறுமுகம் நெற்றிக் கட்டோடு படுத்துக் கொடுத்தான். போதவில்லை. கையில் முள் குத்தினாலே உட்கார்ந்துவிடுகிற அத்தான், "நான் அவளுக்கு அண்ணன்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கட்டிலில் படுத்தார். கொடுத்துவிட்டு எழுந்ததும் மயங்கி விழுந்தார் என்பது வேறு விஷயம். அவள் பிழைத்தாள். அத்தை மறுநாளிலிருந்து இரண்டு தூக்கில் ரசஞ்சாதம் கொண்டுவந்தாள். பூங்காவனத்தின் தலையை மடியில் வைத்து ஊட்டினாள். தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தியிடம் நீங்கள் என்ன ஆட்கள் என்று கேட்காமல் அத்தை சோறு போட்டது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு அனுப்பும் முன் ஆஸ்பத்திரி சூப்பிரண்டு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், சலிப்பு பிடித்தவர். கண்ணாடிக்கு யார் பொறுப்பு என்றார்.

"அவள் ரத்தத்துக்கு யார் பொறுப்போ, அவர்தான்" என்றேன்.

"அம்மா, இருநூறு பேர் வரவேண்டிய இடத்தில் ஆயிரம் பேர் வருகிறார்கள். நாங்கள் என்ன செய்ய?"

"கட்டில் இல்லையென்றால் தரையில் போடுங்கள். அடிக்க மட்டும் ஆள் இருக்கிறதே, அது எப்படி?"

என் மகளைத் துணியில் சுற்றி அன்றைக்குத்தான் என் கையில் கொடுத்திருந்தார்கள். பொட்டில் இரண்டு தடம். அதைத் தடவிக்கொண்டே வெளியே வந்தேன். கோபத்தில் எனக்குப் பால் கட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு நான் வளைகாப்புகளுக்குப் போக ஆரம்பித்தேன். கரோல் பாக், லோதி ரோடு, எங்கே தமிழ் வீட்டில் வளைகாப்பு என்றாலும் அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் போய் உட்காருவேன். பெண்ணின் கையைப் பிடித்துப் பார்ப்பேன். "ஊருக்குப் போனாலும் போகாவிட்டாலும் இங்கே பேர் பதிந்தாயிற்றா? பிரஷர் பார்த்தாயிற்றா?" எல்லா வீக்கமும் நோயில்லை. ஆனால் கையோடு முகமும் வீங்கி, தலைவலித்து, கண்ணும் மங்கினால் சோப்பு போடாதீர்கள், ஸ்கூட்டர் ரிக்ஷாவைக் கூப்பிடுங்கள் என்பேன். அபசகுனம் என்று என்னை வைதவர்கள் உண்டு. லோதி ரோட்டுக் குவார்ட்டர்ஸில் ஒருநாள் சோப்புக் கிண்ணத்தைக் காலால் எத்தினேன். பெரிய ரகளை. அந்தப் பெண்ணின் மாமனார் என் கையை முறுக்கி வெளியே தள்ளினார். ஆனால் அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது, சாயங்காலமே பிரஷர் பார்க்கப் போய், அப்படியே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து லோதி ரோட்டில் தமிழ்ப் பள்ளிக்கூடம் போனான். மாமனார் இன்னும் என்னோடு பேசுவதில்லை. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

பூங்காவனத்தின் ஜுக்கிக்கும் போனேன். மறுபடி அவளுக்கு நாள் தள்ளியிருந்தது. அவளோடு சேர்த்து அங்கே வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்ற எல்லோரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் பதியலாம் என்று போனால், அவள் சாக்குத் திரையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"என்ன வேணா சொல்லுங்கக்கா, அங்க மட்டும் வரமாட்டேன். செத்தா இங்கியே சாவறேன். இங்க செத்தா எவளும் அடிக்க மாட்டா."

இதைக் கேட்டு நான் சூப்பிரண்டிடம் மறுபடி போனேன், நாற்பது பெண்களோடு. வாசலில் முதலில் ஆளைப் பாருங்கள், கார்டை அப்புறம் கேளுங்கள். பிரசவ அறையில் யாரும் கை ஓங்கக்கூடாது. கூட ஒரு பெண்ணைத் துணைக்கு விடுங்கள். மூன்றே மூன்றுதான் கேட்டோம். தள்ளுமுள்ளு, கூச்சல், இரண்டு பேருக்குப் புடவை கிழிந்தது. கடைசியில் வாசல் விஷயத்துக்கு மட்டும் தலையசைத்தார். துணைக்கு ஆள் விட முடியாது என்றார். அடிப்பதைப்பற்றி, "அப்படி யாரும் இங்கே அடிப்பதில்லை" என்றார். என் கன்னம் அவருக்கு எதிரில்தான் இருந்தது.

அதனால் நான் ஜுக்கியில் மூன்று இந்தி வாக்கியம் சொல்லிக்கொடுத்தேன். 'நாம் லிக்கோ', பேரை எழுது. 'கூன் ஜா ரஹா ஹை', ரத்தம் போகிறது. 'மாரோ மத்', அடிக்காதே. செங்கல் சுமந்துகொண்டே அவர்கள் அதை உரக்கச் சொல்லிப் பழகினார்கள். மேஸ்திரி ஏதோ வேலைநிறுத்தம் என்று பயந்துபோனானாம். பூங்காவனம் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. ஆனால் பேர் பதிய ஒருநாள் பின்னாலேயே வந்தாள். "உள்ள நீங்க வரமாட்டீங்கல்ல?" என்றாள். "ஜன்னலுக்குக் கீழே நிற்பேன்" என்றேன். "சத்தியமா?" "சத்தியமா."

வலி வந்த அன்று நல்ல வெயில். சௌகிதார் என்னையும் அத்தையையும் பார்த்தான், அத்தையின் காலையும் பார்த்தான். கார்டு கேட்காமல் பூங்காவனத்தை உள்ளே விட்டான். எங்களை விடவில்லை. நாங்கள் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனோம். பிரசவ அறை ஜன்னலுக்குக் கீழே ஏதோ கட்டட வேலைக்கு இறக்கிய செங்கல் குவியல் கிடந்தது. அத்தை என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் ஒரு அரைச் செங்கல்லைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

வெகுநேரம் முனகல் மட்டும். பிறகு அவள் அலறல். பிறகு அந்த ஆயாவின் குரல். எனக்கு அந்தக் குரல் ஜென்மத்துக்கும் மறக்காது. அதே கேள்வியைத்தான் கேட்டாள், அன்னைக்கு இனிச்சுதுல்ல. அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். கையை ஓங்கினேன்.

"மாரோ மத்!"

பூங்காவனம். மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். செங்கல் சுமக்கிறவளின் நெஞ்சு அது.

"மாரோ மத்! மாரோ மத்! மாரோ மத்!"

உள்ளே வேறு ஒரு பெண்ணும் அதைச் சொன்னாள். பிறகு இன்னொருத்தி, பஞ்சாபிக்காரி போல. அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மொத்த அறையும் கத்தியது. ஆயா ஏதோ சொன்னாள், காதில் விழவில்லை. டாக்டரம்மாவின் செருப்புச் சத்தம் வேகமாக வந்தது. அறை விழுமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். விழவில்லை. என் தோள் நோவெடுத்தது, கையை இறக்கவில்லை.

பிறகு ஒரு குழந்தை வீறிட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஜன்னலுக்குள்ளிருந்து பூங்காவனம், "அக்கா! இருக்கியா?" என்று கத்தினாள்.

"இருக்கேன்ட்டி!"

"அடிக்கலக்கா!"

ஆணா பெண்ணா என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கல்லைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அத்தை குனிந்து அந்தச் செங்கல்லை எடுத்து, மண்ணைத் தட்டி, ரசத் தூக்கு இருந்த பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அத என்னத்துக்கு அத்தை தூக்குதிய?"

"இருக்கட்டும்ட்டி" என்றாள். "அடுத்த வாரம் நம்ம வீட்டுக்காரப் பஞ்சாபிக்காரி மவளுக்குப் பேறுகால நாளு."